கோடையில் பரண், இலையுதிர் காலத்தில் மான் வேட்டை: ஓர் அமெரிக்கக் கணக்கு

அமெரிக்காவின் விஸ்கான்சின், மிஷிகன், பென்சில்வேனியா மாதிரியான மாநிலங்களில் ஆகஸ்ட் மாதச் சாயங்காலங்களில் இந்தக் காட்சி ரொம்பச் சாதாரணம். சோயாபீன் வயலை ஒட்டி ஒரு பிக்கப் வண்டி நின்றுகொண்டிருக்கும். உள்ளே ஒருவர் பைனாகுலரைக் கண்ணில் வைத்தபடி உட்கார்ந்திருப்பார். கையில் துப்பாக்கி கிடையாது, வில்லும் கிடையாது. பொழுது சாயும் நேரத்தில் காட்டோரத்தில் இருந்து நாலைந்து ஆண் மான்கள் ஒன்றாக வயலுக்குள் இறங்கும். அவர் கொம்பின் கிளைகளை எண்ணிப் பார்ப்பார், எந்த மூலையில் இருந்து வந்தன என்று குறித்துக்கொள்வார், வண்டியைக் கிளப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். துப்பாக்கியால் மானைச் சுட இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.

அந்த மூன்று மாதக் காத்திருப்பு எங்கிருந்து வந்தது? அதற்கு யார் யார் என்ன விலை கொடுத்தார்கள்? இதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். மானைச் சுடுவது எனக்கு உவப்பான விஷயம் இல்லை. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றமும்கூட. ஆனால் இதற்குள் ஒளிந்திருக்கும் கணக்கு வழக்கு சுவாரசியமானது. ஒரு பண்டத்தைச் சந்தையில் விற்கலாமா கூடாதா என்ற ஒரே கேள்வி ஓர் உயிரினத்தின் தலையெழுத்தை இரண்டு முறை மாற்றியிருக்கிறது.

முதலில் கோடை வேலைகளைப் பார்த்துவிடுவோம். அங்கே பெரும்பாலும் வேட்டையாடப்படுவது வெண்வால் மான். மிரண்டு ஓடும்போது வாலைத் தூக்கும், அடிப்பக்கம் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும், அதனால் இந்தப் பெயர். நம் புள்ளிமானைப் போலவே ஆணுக்கு மட்டும்தான் கிளைவிட்ட கொம்பு. அது ஆண்டுதோறும் உதிர்ந்து மறுபடி முளைக்கும். வசந்தத்தில் முளைவிட்டு ஆகஸ்டுக்குள் முழு அளவுக்கு வந்துவிடும். அதுவரை கொம்பின் மேல் ரத்த ஓட்டமுள்ள மெல்லிய தோல் போர்த்தியிருக்கும், தொட்டால் வெல்வெட் துணி மாதிரி இருக்குமாம். கொம்பு மென்மையாக இருப்பதால் ஆண்கள் சண்டை போடாமல் கூட்டமாக மேயும். செப்டம்பரில் பகல் நேரம் குறையக் குறைய உடம்பில் ஹார்மோன் மாறும். தோல் காய்ந்து உரியும், மரத்தில் தேய்த்துத் தேய்த்துக் கழற்றிவிடும். அத்துடன் நட்பும் முடிந்தது! ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் போய்விடும். ஆகவே ஆண் மான்களை வெட்டவெளியில், வெளிச்சத்தில், மொத்தமாகப் பார்க்கக் கோடைதான் சரியான காலம். ஆகஸ்டில் இந்த வயலில் பார்த்த மான் நவம்பரில் இங்கேதான் இருக்கும் என்று மட்டும் எந்த உத்தரவாதமும் இல்லை.

பார்ப்பது ஒரு வேலை என்றால் பரண் இன்னொரு வேலை. மரத்தில் கட்டும் பரணின் நைலான் பட்டைகள் ஒரு வருட வெயிலிலும் மழையிலும் இற்றுப்போயிருக்கும், அணில் வேறு கடித்து வைத்திருக்கும். அதையெல்லாம் மாற்ற வேண்டும். வேட்டை விபத்து என்றால் நமக்குத் துப்பாக்கிதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் பரணில் இருந்து விழுந்து இடுப்பையும் முதுகெலும்பையும் உடைத்துக்கொள்பவர்கள் அங்கே நிறைய. பார்வையை மறைக்கும் கிளைகளைக் கோடையிலேயே வெட்டிவிடுவார்கள். வேட்டைக்கு முந்தைய வாரம் வெட்டினால் மனித வாடையும் புது வெட்டும் மானுக்குத் தெரிந்துவிடும். மானை வரவழைக்க முள்ளங்கி, டர்னிப், க்ளோவர் விதைப்பார்கள். மண் பரிசோதனை செய்து சுண்ணாம்பு போடுபவர்கள்கூட உண்டு (மானுக்கு விவசாயம்!). நடமாட்டம் இருந்தால் தானாகப் படம் எடுக்கும் கேமராவை ஒற்றையடிப் பாதையோரம் கட்டுவார்கள். வில்லாளிகள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் தினமும் அம்பு விட்டுப் பழகுவார்கள். புதியவர்கள் பாதுகாப்பு வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்க வேண்டும். லைசென்ஸ், குலுக்கல் முறையில் தரும் கூடுதல் அனுமதிச் சீட்டு என்று விண்ணப்பங்கள் தனி.

நம் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் வந்தால் படகைக் கரையேற்றிப் பழுது பார்த்து, வலை பின்னி, வர்ணம் அடிப்பார்கள் இல்லையா, கிட்டத்தட்ட அதே போலத்தான். தடைக்காலம் என்று ஒன்று இருப்பதால்தான் தயாரிப்புக் காலம் என்று ஒன்று இருக்கிறது.

சரி, தடைக்காலம் ஏன் கோடையில்? இதற்கு மானின் உடம்பிலேயே பதில் இருக்கிறது. வட மாநிலங்களில் நவம்பரில் இணை சேரும். சுமார் 200 நாள் கர்ப்பம். மே கடைசி, ஜூனில் குட்டி. கோடையில் தாயைக் கொன்றால் பால்குடி மறக்காத குட்டியும் சாகும். இலையுதிர் காலத்துக்குள் குட்டி தானாக மேயத் தெரிந்துகொள்ளும். ஓக் மரத்து விதைகளைத் தின்று மான்கள் கொழுத்திருக்கும். குளிர் தொடங்கிவிடுவதால் இறைச்சியும் கெடாது. ஐஸ் பெட்டி இல்லாத காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை. ஐரோப்பியர்கள் வருவதற்கு முன்பே பூர்வகுடிகள் இதை அறிந்திருந்தார்கள். அவர்களுடைய பெரிய மான் வேட்டைகள் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும்தான் நடந்தன. காட்டின் கீழ்ப்புதர்களுக்குத் தீ வைத்து, இளந்தளிர் வரச் செய்து, மான் மேயும் இடத்தை அவர்களே உருவாக்கினார்கள். முள்ளங்கி விதைப்பவர்களுக்கு முன்னோடிகள் அவர்கள்தான்.

காகிதத்தில் எழுதிய தடைக்காலமும் பழசுதான். ரோட் ஐலண்டில் போர்ட்ஸ்மவுத் என்ற ஊர் 1638இல் உருவானது. 1646லேயே, மே 1 முதல் நவம்பர் 1 வரை மானைச் சுடக் கூடாது என்று அங்கே உத்தரவு போட்டுவிட்டார்கள். ஊர் உண்டாகி எட்டே வருடம்! 1739இல் மாசசூசெட்ஸ் இதைக் கண்காணிக்க ஆட்களையே நியமித்தது. ஆக சட்டம் இருந்தது, கண்காணிப்பாளர் இருந்தார். ஆனாலும் மான் குறைந்துகொண்டே போனது. ஏனென்றால் இன்னொரு பக்கம் மானுக்கு விலை இருந்தது.

இப்போது தெற்கே போவோம். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகம். 1699க்கும் 1715க்கும் இடையே இங்கிருந்து இங்கிலாந்துக்கு வருடத்துக்குச் சராசரியாக 54 ஆயிரம் மான் தோல்கள் கப்பலேறின. அங்கே அவை கால்சட்டையாகவும் கையுறையாகவும் புத்தக அட்டையாகவும் மாறின. சுட்டவர்கள் பெரும்பாலும் கிரீக், செரோக்கி, சாக்டா, சிக்கசா ஆகிய பூர்வகுடி மக்கள். தோலைப் பதப்படுத்தியவர்கள் அவர்கள் வீட்டுப் பெண்கள். வணிகர்கள் துப்பாக்கி, வெடிமருந்து, துணி, ரம் எல்லாவற்றையும் கடனாகக் கொடுப்பார்கள். வேட்டை முடிந்து வசந்தத்தில் தோலாகத் திருப்பித் தர வேண்டும். பணத்துக்குப் பதில் தோல், அவ்வளவுதான். டாலருக்கு இன்றும் பேச்சு வழக்கில் 'பக்' என்று சொல்கிறார்களே, அந்தச் சொல்லுக்கு ஆண் மான் என்றுதான் பொருள். கான்ராட் வைசர் என்பவர் 1748இல் ஒஹையோ பகுதிக்குப் போனபோது எழுதிய நாட்குறிப்பில் ஒரு பீப்பாய் விஸ்கிக்கு 5 பக் என்று விலை வருகிறது. தோல்தான் நாணயம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

வணிகவியல் படிக்கிறவர்களுக்கு இந்த இடம் நன்றாகப் புரியும். கடனுக்குச் சரக்கு வாங்கி, எதிர்கால வேட்டையை அடமானம் வைத்தால் என்ன ஆகும்? இந்த வருடக் கடனை அடைக்கப் போன வருடத்தைவிட அதிக மான் சுட வேண்டும். அதிகம் சுட்டால் அடுத்த வருடம் மான் குறையும், இன்னும் தூரம் போக வேண்டும், இன்னும் வெடிமருந்து வேண்டும், அதற்கும் கடன். 1715இல் தென் கரோலினாவை உலுக்கிய யமசீ போருக்கு வணிகர்களின் கடன் கெடுபிடியும் ஒரு காரணம். 1773இல் அகஸ்டாவில் நடந்த ஒப்பந்தத்தில் கிரீக், செரோக்கி மக்கள் 20 லட்சம் ஏக்கருக்கு மேல் ஜார்ஜியாவுக்கு விட்டுக்கொடுத்தார்கள். வணிகர்களிடம் பட்ட கடனைத் தீர்ப்பதற்காக! 1805இல் மவுண்ட் டெக்ஸ்டர் ஒப்பந்தத்தில் சாக்டா மக்கள் 40 லட்சம் ஏக்கருக்கு மேல் கொடுத்தார்கள். அதற்கு ஈடாக அரசு தருவதாகச் சொன்ன 50,500 டாலரில் 48,000 டாலர் வணிகர்களுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கிக்கே முக்கியமாக ஒதுக்கப்பட்டது.

இது தற்செயலாக நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 1803 பிப்ரவரியில் அதிபர் ஜெபர்சன், வில்லியம் ஹென்றி ஹாரிசனுக்கு எழுதிய கடிதத்தில் இதைக் கொள்கையாகவே சொல்கிறார். அரசு வணிக நிலையங்கள் மூலம் அவர்களில் செல்வாக்கானவர்கள் கடனில் விழட்டும், கடன் கைமீறினால் நிலத்தைக் கொடுத்து ஈடுகட்ட முன்வருவார்கள் என்பது அதன் சாரம். சுதந்திரப் பிரகடனம் எழுதிய அதே கை. மான் தோல் வியாபாரத்தின் கடைசி இருப்புநிலைக் குறிப்பில் ஒரு பக்கம் கையுறைகள், மறுபக்கம் பல லட்சம் ஏக்கர் நிலம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோலின் இடத்தை இறைச்சி பிடித்துக்கொண்டது. ரயில் வந்தது. அடுத்தடுத்துக் குண்டு பாயும் ரைஃபிள் வந்தது. குளிரூட்டிய ரயில் பெட்டி வந்தது. வடக்குக் காடுகளில் சுட்ட மான் சிகாகோ, நியூயார்க் உணவகங்களில் தட்டுக்கு வந்தது. மரம் வெட்டும் முகாம்களுக்கும் மான் கறிதான் சாப்பாடு. சந்தைக்குச் சுடுபவருக்குத் தடைக்காலம் பெரிய பொருட்டு இல்லை. பிடிபட்டாலும் அபராதம் லாபத்தைவிடக் குறைவு. பக்கத்து மாநிலத்துக்கு அனுப்பிவிட்டால் கேட்க ஆளே இல்லை.

விளைவு? ஐரோப்பியர்கள் வருவதற்கு முன் வட அமெரிக்காவில் இரண்டரைக் கோடிக்குக் குறையாத வெண்வால் மான்கள் இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. 1900 வாக்கில் மிஞ்சியது 3 முதல் 5 லட்சம். இண்டியானாவில் 1893க்குள் துடைத்தெடுத்தாயிற்று. ஒஹையோவில் 1904 வாக்கில் மானே இல்லை. ஒரு முழு மாநிலத்தில் ஒரு மான்கூட இல்லை என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அப்போது பிறந்த ஒஹையோ குழந்தைகள் மானைப் படத்தில் மட்டும் பார்த்து வளர்ந்திருப்பார்கள்.

திருப்பம் வந்தது வேட்டைக்காரர்களிடம் இருந்தே. தியோடர் ரூஸ்வெல்ட்டும் ஜார்ஜ் பேர்ட் கிரின்னெல்லும் 1887இல் பூன் அண்ட் கிராக்கெட் கிளப்பைத் தொடங்கினார்கள். கிரின்னெல் நடத்திய 'ஃபாரஸ்ட் அண்ட் ஸ்ட்ரீம்' பத்திரிகை 1894இல் ஒரு கோரிக்கையை முன்வைத்தது. தடைக்காலத்தை நீட்டு, அபராதத்தைக் கூட்டு என்று வழக்கமான பாட்டுப் பாடாமல், வேட்டை விலங்கின் இறைச்சியை எந்தப் பருவத்திலும் விற்கவே கூடாது என்றது. என்னைப் பொறுத்தவரை இந்த வரலாற்றின் மையம் இதுதான். சுடுவதைத் தடுக்காதே, விற்பதைத் தடு. விற்க முடியாத பொருளை ஒருவர் எத்தனைதான் சுடுவார்? தன் குடும்பம் சாப்பிடும் அளவோடு நின்றுவிடும். தேவை ஒரு வீட்டுச் சமையலறையின் அளவுக்குச் சுருங்கிவிடும்.

1896இல் கீர் எதிர் கனெக்டிகட் வழக்கில் உச்ச நீதிமன்றம், காட்டு விலங்கு தனியார் சொத்தல்ல, மக்களுக்காக அது மாநிலத்தின் பொறுப்பில் இருக்கிறது என்ற நிலையை எடுத்தது (1979இல் இத்தீர்ப்பு மாற்றப்பட்டது, ஆனால் அந்தக் கருத்து நிலைத்துவிட்டது). 1900 மே மாதம் அயோவாவைச் சேர்ந்த ஜான் லேசி கொண்டுவந்த சட்டம் நிறைவேறியது. ஒரு மாநிலத்தில் சட்டவிரோதமாகக் கொன்ற விலங்கை இன்னொரு மாநிலத்துக்குக் கடத்தினால் அது மத்திய அரசுக் குற்றம். பக்கத்து மாநிலத்துக்கு அனுப்பித் தப்பிக்கும் ஓட்டை அடைபட்டது. மாநிலங்களும் ஒவ்வொன்றாக மான் கறி விற்பனையைத் தடை செய்தன.

இதில் கசப்பான பகுதியும் உண்டு. சட்டம் எழுதியவர்கள் நகரத்துப் பணக்கார வேட்டைக்காரர்கள். குற்றவாளியானவர்கள் கறி விற்றுப் பிழைத்த ஏழைகள், அப்புறம் பூர்வகுடிகள். 1868 ஒப்பந்தப்படி வேட்டை உரிமை பெற்ற பானக் இனத்தைச் சேர்ந்த ரேஸ் ஹார்ஸ் என்பவர், வயோமிங்கில் தடைக்காலத்தில் எல்க் என்ற பெரிய மானைச் சுட்டதற்காகக் கைதானார். வயோமிங் மாநிலமானதுமே ஒப்பந்த உரிமை போய்விட்டது என்று 1896இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2019இல்தான், க்ரோ இனத்தைச் சேர்ந்த ஹெரேரா என்பவர் வழக்கில், அந்த வாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இடையில் 123 வருடம். மானைச் சந்தைக்காகக் கொல்லக் கற்றுக்கொடுத்து, கடனில் தள்ளி, நிலத்தை வாங்கிக்கொண்டு, கடைசியில் சாப்பாட்டுக்குச் சுட்டதற்குக் கைதும் செய்தார்கள்.

நம் பக்கமும் இதன் நிழல் உண்டு. நீலகிரியில் 1877இல் வெள்ளைக்காரர்கள் ஒரு வேட்டைச் சங்கம் தொடங்கினார்கள், 1879இல் அங்கே வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தடைக்காலமும் லைசென்ஸும் ஊட்டிக்கு அப்படித்தான் வந்தன. அங்கும் யாருக்காக யாரைத் தடுத்தார்கள் என்பது தனியாக எழுத வேண்டிய கதை.

இதே காலத்தில் இன்னொரு சங்கதி நடந்தது. இன்றைக்குக் கோடையில் மரத்தில் கட்டும் கேமராவின் தாத்தா பிறந்தது அப்போதுதான். ஜார்ஜ் ஷிராஸ் என்பவர் பென்சில்வேனியா வக்கீல், ஒரு தவணை நாடாளுமன்ற உறுப்பினர், இளமையில் நல்ல வேட்டைக்காரர். மிஷிகனில் ஒயிட்ஃபிஷ் ஏரிப் பக்கம் ஓஜிப்வே மக்கள் படகின் முனையில் தீ மூட்டி, வெளிச்சத்தில் மான் மயங்கி நிற்கும்போது சுடும் முறையை அறிந்து வைத்திருந்தார். அதே படகில் துப்பாக்கிக்குப் பதில் கேமராவையும், வெடித்து ஒளிவிடும் ஃப்ளாஷ் தூளையும் வைத்தார். பிறகு பாதையின் குறுக்கே கம்பி கட்டி, மான் காலில் பட்டதும் தானே படம் எடுத்துக்கொள்ளும்படி செய்தார். 1906 ஜூலை 'நேஷனல் ஜியாக்ரஃபிக்' இதழில் அவருடைய 74 படங்கள் வந்தன. கேமராவுக்குத் தடைக்காலம் கிடையாது என்பதுதான் அவருக்குக் கிடைத்த வசதி. அவர் அதைத் துப்பாக்கிக்கு மாற்றாக நினைத்தார். நூறு வருடம் கழித்து அது துப்பாக்கிக்கு ஒற்றனாகிவிட்டது. ஒற்று வேலை அளவுமீறிப் போகிறது என்று அரிசோனா மாநிலம் 2022 ஜனவரி முதல் வேட்டைக்கு இத்தகைய கேமராக்களைப் பயன்படுத்தத் தடையே போட்டுவிட்டது.

விற்பனையைத் தடுத்தாயிற்று. ஆனால் தடையால் மட்டும் இல்லாத மான் முளைத்து வராதே? பென்சில்வேனியா 1906 முதல் வெளி மாநிலங்களில் மான் வாங்கிக் காட்டில் விட்டது. 1907இல் பெண் மானைச் சுடக் கூடாது என்று சட்டம் போட்டது. மற்ற மாநிலங்களும் பெட்டிப் பொறி வைத்து மான் பிடித்து வேறிடங்களில் விட்டன. இதற்கெல்லாம் பணம் வேண்டும். 1930களில், பெருமந்தத்தின் நடுவில், எந்த அரசு மானுக்குப் பணம் ஒதுக்கும்?

இங்கேதான் 1937 செப்டம்பர் 2இல் கையெழுத்தான பிட்மன்–ராபர்ட்சன் சட்டம் வருகிறது. நெவாடாவின் செனட்டர் பிட்மன், வர்ஜீனியாவின் ராபர்ட்சன் இருவர் பெயரும் சேர்ந்தது. துப்பாக்கி, தோட்டா மீது ஏற்கெனவே வசூலாகிக்கொண்டிருந்த கலால் வரியைப் பொதுக் கஜானாவில் கரைக்காமல் வனவிலங்குக்கென்றே தனிக் கணக்கில் போடுவது என்று முடிவானது. நீண்ட குழல் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம். கைத்துப்பாக்கியும் வில்லும் 1970களின் தொடக்கத்தில் இதற்குள் வந்தன, முதலாவதற்கு 10, இரண்டாவதற்கு 11 சதவீதம். வரியைக் கட்டுவது கடைக்காரர் இல்லை, தயாரிப்பாளரும் இறக்குமதியாளரும்தான். ஆனால் விலையோடு சேர்ந்து அது வாங்குபவர் தலையில்தான் விடியும். அம்புத் தண்டுக்குச் சதவீதக் கணக்கு இல்லை, 2005 முதல் ஒரு தண்டுக்கு இத்தனை என்று வரி. 39 சென்ட்டில் தொடங்கி விலைவாசியோடு ஏறுகிறது. கொல்லைப்புறத்தில் ஆகஸ்டில் தொலைந்துபோகும் ஒவ்வொரு அம்பும் மானுக்குக் கொஞ்சம் காசு கட்டிவிட்டுத்தான் தொலைகிறது!

சட்டத்தின் வடிவமைப்பு அழகானது. திட்டச் செலவில் 75 சதவீதம் வரை மத்திய நிதி, மீதியை மாநிலம் போட வேண்டும். எந்த மாநிலத்துக்கு எவ்வளவு? பாதி நிலப்பரப்பை வைத்து, பாதி லைசென்ஸ் வாங்கியவர்களின் எண்ணிக்கையை வைத்து. கூடவே ஒரு நிபந்தனை. வேட்டை லைசென்ஸ் கட்டணத்தை மாநிலம் வனவிலங்குத் துறை நிர்வாகத்துக்குத் தவிர வேறெதற்கும் திருப்பக் கூடாது, திருப்பினால் இந்த நிதி கிடையாது. ஒரு தலைப்பில் வசூலித்து இன்னொன்றில் செலவழிப்பது எந்த ஊர் அரசுக்கும் கைவந்த கலை என்பதால், இந்த ஒரு வரி இல்லாவிட்டால் மொத்தமும் வீணாகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

பலன் சில பத்தாண்டுகளில் தெரிந்தது. மானே இல்லாதிருந்த ஒஹையோவில் 1943இல் வேட்டைப் பருவம் திறந்தது. இண்டியானாவில் 1951. கான்சஸில் 1965. இன்று நாடு முழுவதும் சுமார் 3 கோடி வெண்வால் மான்கள் என்பது பொதுவான மதிப்பீடு.

ஆனால் மான் வங்கி வட்டி மாதிரி அழகாக ஏறிவிட்டு நிற்காது. ஓநாயை ஒழித்து, பெண் மானைச் சுடத் தடை போட்டால் குளிர்காலத்தில் தின்ன எதுவும் இல்லாமல் கூட்டம் கூட்டமாகச் சாகும். ஆல்டோ லியோபோல்ட் இதைச் சொன்னார். விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர், 1933இல் இத்துறைக்கே முதல் பாடநூல் எழுதியவர். அவர் உறுப்பினராக இருந்த ஆணையம் 1943இல் கொம்பில்லாத மான்களையும் சுட அனுமதித்தது. பெண் மான், குட்டி எல்லாம் சேர்ந்து அந்தப் பருவத்தில் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கு மேல் விழுந்தன. மக்கள் கொதித்துவிட்டார்கள். அவரைத் திட்டுவதற்கென்றே ஒரு பத்திரிகை நடந்தது. முப்பது வருடம் பெண் மானைச் சுடுவது பாவம் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, திடீரென்று அதுதான் சரி என்றால் யார் கேட்பார்கள்? 1948இல் அவர் இறக்கும்வரை அந்தச் சண்டை ஓயவில்லை. பிற்காலத்தில் அதே மாநிலம் பெண் மான் சீட்டுகளை வழக்கமாகவே கொடுக்க ஆரம்பித்தது.

2002இல் விஸ்கான்சினுக்கு வேறு கவலை வந்தது. மூளையை அரித்து மானை மெலியவைத்துக் கொல்லும் நோய் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே முதல் முறையாக அங்கே தென்பட்டது. மருந்து கிடையாது. ஒரே இடத்தில் மான்கள் கூடித் தின்றால் பரவும் என்பதால் பல இடங்களில் தீனி கொட்டி வரவழைப்பதற்குத் தடை வந்தது. கோடைத் தயாரிப்புப் பட்டியலில் ஒரு வரி அடிக்கப்பட்டது.

கணக்கில் எனக்கு உறுத்துவது வேறொன்று. நிதிப் பங்கீடு லைசென்ஸ் எண்ணிக்கையைப் பொறுத்தது என்றால், வனவிலங்குத் துறைக்கு வாடிக்கையாளர் யார்? வேட்டைக்காரர்தான். அப்படியானால் மானுக்கும் வான்கோழிக்கும் கிடைக்கும் கவனம், யாரும் சுட விரும்பாத தவளைக்கும் பல்லிக்கும் கிடைக்குமா? இன்னொன்று, 1980களின் தொடக்கத்தில் உச்சத்தில் இருந்த வேட்டைக்காரர் எண்ணிக்கை அதற்குப் பின் அந்த அளவை மறுபடி எட்டவில்லை. ஆனால் துப்பாக்கி விற்பனை ஏறியது, 2020இல் எகிறியே விட்டது. காட்டுப் பக்கமே போகாதவர்கள், தற்காப்புக்கும் இலக்குப் பயிற்சிக்கும் வாங்கும் துப்பாக்கியும் தோட்டாவும் இந்த நிதிக்குப் பெரும்பங்கு தருகின்றன. ஊரில் பயம் கூடினால் மானுக்கு வரவு கூடும் என்பது 1937இல் யாரும் போட்ட கணக்கு இல்லை.

காட்டை ரசிக்க மட்டும் போகிறவர்களும் பங்கு தரட்டும் என்று 1990களில் ஒரு முயற்சி நடந்தது. கூடாரம், முதுகுப்பை, பறவைத் தீனி, பைனாகுலர் இவற்றின் மீதும் சின்னதாக ஒரு கலால் வரி. அந்தப் பொருள்களைத் தயாரிப்பவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், மசோதா நிறைவேறவில்லை. அதனால் ஆகஸ்ட் சாயங்காலத்தில் சோயாபீன் வயலோரம் உட்கார்ந்திருப்பவர் வீட்டில் வைத்துவிட்டு வந்த வில்லுக்கு 11 சதவீதம் வரி கட்டப்பட்டிருக்கிறது. கையில் வைத்திருக்கும் பைனாகுலருக்கு ஒன்றும் இல்லை.